ஊசிமுனை வெளிச்சம்

பொத்தானை அழுத்துவதற்கு முன் செக்கினே மூச்சை நிறுத்திக்கொள்வார். மூக்குக் காற்று பட்டால்கூடத் தாள் அசையும், தாள் அசைந்தால் படத்தில் தூங்குகிற பிள்ளைக்குக் கண்ணிமை துடிக்கும் என்பது அவர் கவலை. அழுத்துவார், ஒரு கட்டம் பதிவாகும், மூச்சை விடுவார். ஒரு நொடிப் படத்துக்கு இருபத்துநான்கு கட்டம். இருபது வருஷம் இதையே செய்ததில் எந்தப் பொத்தானைப் பார்த்தாலும் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. நெரிமா ரயில் நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்தின் முன்னாலும் அப்படித்தான், லிப்டிலும் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள்.

முழுப்பெயர் செக்கினே மசாதா, வயது ஐம்பத்துமூன்று. தொலைக்காட்சிக்கு வாராவாரம் சித்திரப்படம் எடுத்துத் தரும் கம்பெனி ஒன்றில் ஒளிப்பதிவாளர். ஓவியர்கள் வரைந்து, இன்னும் சிலர் கண்ணாடிபோன்ற தாளில் வண்ணம் பூசி அனுப்புவதையெல்லாம் மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தலைகீழாகத் தொங்கும் கேமராவால் கட்டம் கட்டமாகப் பதிவது அவர் வேலை. நான் அதே கம்பெனியில் எடிட்டர். என்னை மினேகிஷி என்று கூப்பிடுவார்கள். எல்லோர் வேலையிலும் கத்தரி வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். பதினேழு வருஷத்தில் செக்கினேவின் பிலிமில் மட்டும் எனக்கு அதிக வேலை இருந்ததில்லை. அந்த எரிச்சல் எனக்கு நெடுநாள் இருந்தது.

செக்கினேவின் உடுப்பு எப்போதும் கறுப்பு. சட்டை, காற்சட்டை, காலுறை, விரல்நுனி வெட்டிய கையுறை எல்லாம். படத்தை அழுத்திப் பிடிக்கும் கண்ணாடியில், படம் இருட்டுக் காட்சியாக இருந்தால், குனிந்து நிற்பவரின் வெளிறிய சட்டை தெரியும். அவருக்கு முன்னால் இருந்தவரின் வெள்ளைக் காலர் ஒரு பேய்க்கதையில் மூன்று கட்டத்துக்கு வந்துபோனதாம். பேயைவிட அதற்குத்தான் பிள்ளைகள் பயந்தார்களாம். அதைக் கேட்ட நாள்முதல் செக்கினே வீட்டு உடுப்பையும் கறுப்பாக்கிவிட்டார். அவர் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள், யார் தவறிப்போனது என்று கேட்கக் கூச்சப்பட்டு, மூன்று மாதம் அவரைக் கண்டபோதெல்லாம் துக்கம் விசாரிக்கும் தோரணையில் தலைகுனிந்திருக்கிறார். செக்கினேவும் பதிலுக்குக் குனிந்திருக்கிறார். இரண்டு பேரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

சோற்றுருண்டையில் கடற்பாசி சுற்றிச் சாப்பிடமாட்டார், துணுக்கு உதிரும். கம்பளி கூடாது, பூனை கூடாது, வறுத்த எள் அறவே கூடாது. குளிர்காலத்தில் காற்று உலர்ந்துபோய்த் தாள்கள் தூசியை இழுக்கும் என்று அறையின் மூலையில் கெட்டில் ஒன்று ஓயாமல் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆவியில் கண்ணாடி மங்காமல் இருக்க அதற்கு ஒரு தூரம் உண்டு. தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறார். கெட்டில் அந்தக் கோட்டைத் தாண்டினால் பெரிய குற்றம்.

"ஏன் ஐயா, பாசியில்லாத உருண்டையைத் திங்கறதுக்கு வெறுஞ்சோறு திங்கலாமில்ல?" என்பார் ஹனாவா அம்மாள்.

"உருண்டைன்னா ஒரு கை போதும். இன்னொரு கை சுத்தமா இருக்கும்."

"அந்தச் சுத்தமான கையை வச்சு என்ன கிழிக்கப்போறீங்க, மதியச் சாப்பாட்டு நேரத்துல?"

ஹனாவா அம்மாள் அவருடைய ஜோடி. கேமரா மேஜைக்கு எப்போதும் இரண்டு பேர்: ஒருவர் கேமராவைப் பார்ப்பார், மற்றவர் எந்தப் படம் எத்தனை கட்டம் நிற்க வேண்டும் என்று குறித்த நேரத்தாளைப் படித்து, தாள்களை மாற்றி மாற்றி வைப்பார். பதினான்கு வருஷமாக இந்த இரண்டு பேரும் ஒரே மேஜை. அம்மாள் ஓசாக்காவில் பிறந்தவர், கணவரை இழந்தவர், வாய் நிற்காது. ஆனால் மேஜை விளக்கு எரிந்துவிட்டால் இரண்டே சொல்தான்: "வெச்சாச்சு" என்பார், "ஆச்சு" என்பார் செக்கினே. ஒரு நாளில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு தடவை. வெளியில் நின்று கேட்டால் இரண்டு பேர் ஏதோ தீராத சண்டையைச் சமாதானமாக நடத்துகிறமாதிரி இருக்கும்.

செக்கினே சேர்ந்த காலத்தில் மேஜையின் இரண்டு பக்கமும் இரண்டு விளக்கு, மேலே கேமரா, அவ்வளவுதான். படம் தட்டையாக இருக்கும். சூரியன் என்றால் மஞ்சள் வட்டம். மின்னல் என்றால் வெள்ளைக் கோடு. பிறகு இயக்குநர்கள் ஆசைப்பட ஆரம்பித்தார்கள். வாள் மின்ன வேண்டும், ஜன்னல் ஒளிர வேண்டும். "மஞ்சளைப் பூசினா மஞ்சள்தான் வரும். பளபளப்பு வேணும்னா பல்புதான் வேணும்" என்று சொல்லி மேஜைக்கு அடியில் விளக்கை வைத்தவர்களில் செக்கினேவும் ஒருவர். வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் கறுப்பு பூசிய ஒரு தாள். அதற்குப் பெயர் மாஸ்க். முதலில் படத்தைச் சாதாரணமாகப் பதிய வேண்டும். பிறகு லென்ஸை மூடி, பிலிமைத் தொடங்கிய இடத்துக்கே பின்னால் சுற்றி, மாஸ்க்கை வைத்துக் கீழ்விளக்கைப் போட்டு அதே கட்டங்களில் மறுபடி பதிய வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்; ஜன்னல் எரியும்.

கடல் மினுங்குவதற்கு அவர் கண்டுபிடித்த வழி இன்னும் எளிது. இரண்டு கறுப்பு அட்டை, இரண்டிலும் ஊசியால் குத்திய ஆயிரக்கணக்கான துளை. ஒன்றை ஒன்றின்மேல் கட்டத்துக்குக் கட்டம் மயிரிழை நகர்த்தினால் துளையும் துளையும் சேருகிற இடம் மின்னும், விலகுகிற இடம் அணையும். மனைவி யாசுயோவின் தையல் ஊசிகளில் பதினொன்றை உடைத்து ஒன்பது நாள் குத்தினார். ரஷ், அதாவது கழுவிவந்த பிலிமை முதல்முறை திரையில் ஓட்டிப் பார்ப்பது, போட்டபோது ஓவியர் கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. வேறு கம்பெனிக்காரர்கள் ஜாடைமாடையாக விசாரிக்க வந்தார்கள். செக்கினே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார், ஊசி நம்பர் உட்பட. "ஏன் சொன்னீங்க?" என்று நான் சண்டைக்குப் போனேன். "கேட்டாங்க, சொன்னேன்" என்றார்.

வெளிச்சத்துக்கு ஒரு பூப்போன்ற விளிம்பு வேண்டுமென்றால் லென்ஸின்மேல் பெண்களின் மெல்லிய கறுப்புக் காலுறையை இழுத்துக் கட்டுவார். எந்த நெசவு என்பது அவருக்கு முக்கியம். கடையில் காலுறையை முஷ்டியில் மாட்டி, விளக்குக்கு நேரே பிடித்து, விரித்து விரித்துப் பார்ப்பார். பிறகு, ஒற்றைக் கால் மட்டும் தருவீர்களா என்று கேட்பார். ஒரு கடையில் விற்பனைப் பெண் உள்ளே போய் முதலாளியையே கூட்டிவந்துவிட்டாள். அதன்பின் அந்த வேலை ஹனாவா அம்மாளுக்கு வந்தது. "என் புருஷன் இருந்தப்பகூட இத்தனை ஜோடி வாங்கினதில்லை, இந்த மனுஷனுக்கு வாங்கித் தொலைக்கறேன்" என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கச் சொல்லுவார்.

பிலிமைப் பின்னால் சுற்றும்போது அவரோடு யாரும் பேசக்கூடாது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றுவார். ஒரு கட்டம் பிசகினால் வாள் ஓரிடத்தில் இருக்கும், மின்னல் இன்னோரிடத்தில் இருக்கும். ஒரு தடவை பிற்பகலில் நல்ல நிலநடுக்கம். நாங்கள் எல்லோரும் மேஜைக்கடியில் புகுந்துகொண்டோம். கெட்டில் உருண்டது. செக்கினே மட்டும் கைப்பிடியைப் பிடித்தபடி "நூத்து நாப்பத்தொண்ணு, நூத்து நாப்பது" என்று போய்க்கொண்டிருந்தார். "உயிர்மேல ஆசை இல்லையா?" என்று பிறகு கேட்டேன். "நிலநடுக்கம் தானா நின்னுடும். எண்ணிக்கை விட்டுப்போனா திரும்பி வராது" என்றார். அவருக்கு அது நகைச்சுவை இல்லை.

மாஸ்க்கில் ஒரு தொல்லை உண்டு. கறுப்பு வண்ணம் எவ்வளவு கவனமாகப் பூசினாலும் தூசி நின்ற இடத்தில் ஊசிமுனை அளவுக்குத் துளை விழும். கீழ்விளக்கு அதன் வழியே ஏறி, படத்தில் தேவையில்லாத புள்ளியாக எரியும். அதனால் ஒவ்வொரு மாஸ்க்கையும் எரிகிற விளக்கின்மேல் வைத்து, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்த் துளை தேடி, ஒற்றை மயிர்த் தூரிகையால் மை வைத்து அடைக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார் என்பார்கள். போட்டால் சிறிய துளைகள் தெரியாது. ஆகவே செக்கினே வெறுங்கண்ணால்தான் பார்த்தார், இருபது வருஷமாக. இதை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். தாளை மாற்றுவது ஹனாவா, மாஸ்க் பார்ப்பது செக்கினே; அதில் பேச்சுக்கு இடமில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். ரஷ் பார்க்கும்போது தப்பு ஏதாவது திரையில் வந்தால், அது யாருடையதோ அவர்களே முந்திக்கொண்டு குரல் கொடுத்துவிட வேண்டும். வண்ணம் மாறியிருந்தால் "வண்ணம்!" என்று அந்தப் பிரிவுக்காரர் சொல்லுவார். கோடு துடித்தால் "கோடு!" கேமராவின் தப்பென்றால் "கேமரா!" முதன்முதலில் இருந்த இயக்குநர் மேஜையைத் தூக்கி எறிகிற ரகம்; தானாக ஒப்புக்கொண்டவனை மட்டும் விட்டுவிடுவார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார்கள், யார் கண்ணிலும் படாமல் போய்விடாதா என்று. செக்கினே பொறுக்கமாட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியாத மயிர்த்துணுக்குக்கெல்லாம் முன்வரிசையிலிருந்து "கேமரா!" என்று எழும்பும். அதில் ஒரு பெருமைகூட அவருக்கு இருந்தது. நல்ல கண் இருக்கிறவனால்தான் தன் தப்பைத் தான் பார்க்க முடியும்.

அவர் கண்ணைப் பற்றி எனக்கு முதலில் சந்தேகம் வந்தது ஸோபா நூடுல்ஸ் கடையில். சுவரில் தொங்கும் விலைப்பட்டியலைப் படிக்க அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் கவனித்தேன்: என்னோடு பேசும்போது என் காதைப் பார்த்துப் பேசினார். நடுவில் தெரியவில்லை, ஓரத்தில்தான் தெரிகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. என் வேலை அப்படி. ஒரு பொருள் கட்டத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்தே பிழைக்கிறவன். அதன்பின் அவர் பிலிமில் ஒன்றிரண்டு புள்ளிகள் வர ஆரம்பித்தன. யாரும் பார்ப்பதற்குமுன் அந்தக் கட்டங்களை நான் கத்தரித்தேன். ஒரு மாதத்தில் அவை தானாகவே நின்றுபோனபோது எனக்கு அதிசயமாக இருந்தது.

அதிசயம் ஒன்றுமில்லை. ஹனாவா அம்மாளைப் படிக்கட்டில் பிடித்துக் கேட்டேன். அவர் முதலில் என்னைச் சுட்டெரிக்கிறமாதிரி பார்த்தார்.

"அவரு மாஸ்க் பார்த்து முடிச்சதும் கண்ணு எரியுதுன்னு அஞ்சு நிமிஷம் தாழ்வாரத்து ஜன்னல்கிட்ட போய் நிப்பாரு. அந்த அஞ்சு நிமிஷம் எனக்குப் போதும்."

"ஒவ்வொரு மாஸ்க்குமா?"

"பின்ன? பாதிக்குப் பாதி செய்வாங்களா?"

"டாக்டர்கிட்ட போனாரா?"

"போனாரு. ரெண்டு கண்ணுலயும் நடுவுல அழிஞ்சுபோச்சாம். விளக்கைப் பார்த்துப் பார்த்துமா இருக்கலாம், பொறவியிலயே வர்றதாவும் இருக்கலாம், சொல்ல முடியாதுன்னுட்டாராம். இதை எங்கிட்ட சொன்னது யாசுயோ. அவரு சொல்லலை. அவருக்கு, இன்னும் மாஸ்க் பார்க்கற அளவுக்குக் கண்ணு ஓடுதுன்னு நெனப்பு."

"சொல்லிடலாமே, ஹனாவா சான்."

"சொல்லி? நாளைக்கே கேமராவுலருந்து எறக்கி, தாள் தொடைக்கற மூலையில உட்கார வைப்பாங்க. அந்த மனுஷன் அங்க உட்கார்ந்து தொடைப்பாரா, மினேகிஷி சான்? நீங்களே சொல்லுங்க." பிறகு குரலை இறக்கி, "நீங்க பார்த்தது உங்களோட இருக்கட்டும்" என்றார்.

என்னோடு இருந்தது. இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் செக்கினே தன் மாஸ்க் சுத்தமாக வருவதைப் பார்த்துத் தெம்பாக இருந்தார். "இந்த வயசுலயும் ஒரு துளை விடலை பாரு" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டினேன். ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்துக்கொண்டிருந்தோம், அன்பு என்ற பேரில். இன்றைக்கு நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன பிப்ரவரியில் ஹனாவா அம்மாளின் இறந்துபோன அக்காளுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு. நீகாதாவுக்கு இரண்டு நாள் லீவில் போனார். போகுமுன் அந்த இரண்டு நாளைக்கு மாஸ்க் வேலை எதுவும் இல்லை என்று நேரத்தாள்களைப் புரட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் போனார். அவர் ரயிலேறிய பிறகு ஒரு காட்சி முன்னால் தள்ளப்பட்டது. தாமதமெல்லாம் கடைசியில் கேமராவின் தலையில் விடிவதுதானே. நோயில் கிடந்த சிறுமி, பல நாளைக்குப் பிறகு, விடியலில் ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்குகிறாள். ஜன்னலில் வெயில் மெல்ல ஏறுகிறது. ஏழு நொடி. இசைகூடப் பதிவாகிவிட்டது. மூன்றாம் மேஜையின் தொபாஷி ஜோடிக்கு நின்றான். அவன் தாளை மாற்றினான். மாஸ்க்கைப் பார்ப்பது அவன் வேலை இல்லை. செக்கினே நான்கு தடவை பின்னால் சுற்றி, ஒரு கட்டம் பிசகாமல் எடுத்தார்.

ரஷ் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. ஒன்பது மணிக்கு என் மேஜையில் ரீலை ஒட்டும்போதே பார்த்துவிட்டேன். ஜன்னல் அழகாக எரிந்தது. அதே வெளிச்சம் சிறுமியின் நெற்றியிலும் கன்னத்திலும் போர்வையிலும் புள்ளி புள்ளியாக ஏறியிருந்தது, அம்மை போட்டதுபோல. பூவிளிம்புக்காகக் காலுறை கட்டி எடுத்த காட்சி. ஒவ்வொரு புள்ளியும் பூத்து நின்றது. எண்ணினேன். பத்தொன்பது. ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்றால் வெட்டலாம். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை அப்படியே. முழுக்காட்சியையும் எடுத்து ஒளித்துவைத்து, "லேபிலிருந்து வரவில்லை" என்று ஒரு அட்டையை ஒட்டியிருக்கலாம். கையில் கத்தரி இருந்தது. ஒரு மணி நேரமும் இருந்தது. நான் செய்யவில்லை. அலுத்துப்போயிருந்தேன் என்பதுதான் உண்மை. யாராவது தீர்த்துவைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மடக்கு நாற்காலிகளில் பதினொரு பேர். முன்வரிசையில் செக்கினே, பக்கத்தில், நிலையத்திலிருந்து நேரே வந்து, கறுப்புச் சடங்கு உடையோடும் பையோடும் ஹனாவா அம்மாள். உட்கார்ந்து, என்ன எடுத்தீர்கள் என்று செக்கினேவைக் கேட்டபோதுதான் அந்தக் காட்சி எடுக்கப்பட்ட விஷயமே அவருக்குத் தெரிந்தது; வாயைத் திறப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. சில காட்சிகள் போயின. ஒருவர் "வண்ணம்!" என்றார். பிறகு ஜன்னல் வந்தது.

ஏழு நொடி என்பது நீளமான நேரம். அறையில் எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும், பழக்கத்தில், முன்வரிசையின் குரலுக்குக் காத்திருந்தார்கள். குரல் வரவில்லை. செக்கினே முழங்காலில் கைவைத்து முன்னால் சாய்ந்து, முகத்தைச் சற்றே ஒருபக்கம் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்சி முடிந்தது. அவர் பின்னால் திரும்பி இயக்குநர் இமாய்ஸுமியைத் தேடினார்.

"வெயில் ஏறினது நல்லா வந்திருக்கு, இல்ல?" என்றார். சிரித்த முகம்.

புரொஜெக்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்க்காமலேயே அந்த அறையில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துபோனதை நான் பார்த்தேன்.

"கேமரா!" என்று ஹனாவா அம்மாள் கத்தினார்.

ஜோடிக்காரர் குரல் கொடுப்பது வழக்கமில்லை. பதினான்கு வருஷத்தில் அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை. தயாரிப்பு நிர்வாகி அரிகா ஏடு பார்த்துப் பேசுகிற ஆள். கெட்ட எண்ணம் கிடையாது. "ஹனாவா சான், அன்னிக்கு நீங்க லீவு இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

"லீவுதான். அதனாலதான் என் தப்பு."

செக்கினே திரையையும் பார்க்கவில்லை, இயக்குநரையும் பார்க்கவில்லை. ஹனாவா அம்மாளின் பக்கம் திரும்பினார்.

"என்ன தப்பு?" என்றார்.

கடைசியில் இமாய்ஸுமி தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் மரியாதையாக, "சின்ன ரீடேக்தான். வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு ஆச்சே, செக்கினே சானுக்கு வேற வேலை நெறைய கெடக்கு. மூணாம் மேஜையில பண்ணிடட்டும். மாஸ்க்கை அங்க அனுப்பிடுங்க" என்றார். அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ரீல் தொடர்ந்து ஓடியது. பின்னால் வந்த ஒரு காட்சியில் மூலையில் துணுக்கு ஒன்று துள்ளியது; நிச்சயமாகக் கேமராவின் தப்பு. முன்வரிசை பேசாமல் இருந்தது.

விளக்குப் போட்டதும் எல்லோரும் சடுதியில் கலைந்தார்கள். ரீலைக் கழற்ற வேண்டியிருந்ததால் நான் இருந்தேன். ஹனாவா அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளா?" என்றார் செக்கினே.

"எது?"

"ஹனாவா."

அந்த அம்மாளின் வாய் சட்டென்று ஓய்ந்துபோய் நான் பார்த்தது அன்றுதான். "ரெண்டு வருஷம்" என்றார். "அதுக்கு மேல ஒரு மாசம் இருக்கும்."

"நான் ஜன்னல்கிட்ட போறப்பவா?"

"ஆமா."

"எல்லா மாஸ்க்கும்?"

"எல்லாத்துலயும் இருக்காது. ஏதோ ஒண்ணு ரெண்டுல."

செக்கினே தலையை ஆட்டினார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. கணக்குப் போடுகிறவரைப்போல இருந்தார். இரண்டு வருஷத்து மாஸ்க்குகளை ஒவ்வொன்றாக அவர் மனத்துக்குள் புரட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சுத்தம் என்று தான் சொன்ன ஒவ்வொன்றையும்.

"இதுல எத்தனை?"

"சின்னச் சின்னதா. நாலஞ்சு."

"எங்கெங்க?"

செக்கினே இடது கையுறையைக் கழற்றி, கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார். "இதுதான் கட்டம்னு வச்சுக்க. விரல் பக்கம் மேல. குறிச்சுக் காட்டு."

பதினான்கு வருஷம் ஒரே மேஜையில் நின்றவர்கள். ஒருவர் கை மற்றவர் கைமேல் பட்டு நான் பார்த்ததில்லை. ஹனாவா அம்மாள் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் ரீலைப் பார்த்தேன். சுட்டுவிரலுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தார், அது நெற்றி. கன்னத்துக்கு இரண்டு. பெருவிரல் மேட்டில் போர்வைக்கு இரண்டு. பேனாவின் நுனி தோலில் பட்ட ஒவ்வொரு தடவையும் செக்கினேவின் உதடு எண்ணியது.

"அவ்வளவுதான்" என்று சொல்லி ஹனாவா அம்மாள் பேனாவை மூடினார்.

செக்கினே கையை மடக்கவில்லை. கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்க்கவும் இல்லை.

"மினேகிஷி" என்றார், என் பக்கம் திரும்பாமலேயே. "காலையில நீதானே ஒட்டினே. எண்ணியிருப்பியே."

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஹனாவா அம்மாளின் முகம் வேண்டாம், வேண்டாம் என்றது.

"பத்தொம்பது" என்றேன்.

ஹனாவா அம்மாள் குனிந்துகொண்டார். செக்கினே வலது கையால் இடது மணிக்கட்டைத் தாங்கி, மீதிப் பதினான்கு புள்ளிக்காக உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் அந்த அம்மாளின் பக்கம் நகர்த்தினார்.